மூன்றாவது மெழுகுதிரி

ஜோக்கிம் வீட்டு மணியை அழுத்த ஏர்னஸ்ற்றின் விரல் எழவில்லை. பலெர்மோவின் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத்துத் தெருவில், நான்காம் மாடிவரை மூச்சு வாங்க ஏறி வந்தவன், கதவுக்கு முன்னால் மரம் போல நின்றான்.

“அமத்துங்கோ அண்ணை,” என்றான் பின்னால் நின்ற கஜானன். “இப்பிடியே நிண்டா தண்ணி மீற்றர் பாக்க வந்தவையெண்டு நினைச்சு, போன மாசக் கணக்கு ஏன் கூடினதெண்டு எங்களைப் பிடிக்கப்போகினம்.”

கஜானன் பகலில் ஸ்கூட்டரில் சாப்பாட்டுப் பொதி கொண்டு ஓடுகிறவன். மிச்ச நேரத்தில் ஏர்னஸ்ற்றின் உதவியாள். பொலிதேயாமாப் பகுதியில் ஒரு பெரிய கட்டடத்துக்குக் காலை முழுவதும் வாசல்காவல் இருக்கும் ஏர்னஸ்ற், பின்னேரங்களில் பலெர்மோத் தமிழரின் துப்பறிவாளன். தொலைந்த கடவுச்சீட்டு, ஓடிப்போன மாப்பிள்ளை, பெயரில்லாமல் வந்த மிரட்டல் கடிதம் என்று எதையும் விட்டதில்லை. பிழை விட்டதும் இல்லை என்றுதான் இன்று காலைவரை அவன் நினைத்திருந்தான்.

இன்று காலை கோயில் அறிவித்தல் பலகையில் ஒரு ஞானஸ்நானப் படத்தைப் பார்த்தான். ஜோக்கிம் எடுத்த படம். குழந்தையும் தாயும் கண்ணாடியில் ஆவி படிந்ததுபோல் மங்கிக் கிடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சுவரோரம் நின்ற மெழுகுதிரித் தண்டு மட்டும் ஊசிமுனை போலத் தெளிவாக இருந்தது. குழந்தையை விட்டுவிட்டு எந்த மனிதன் மெழுகுதிரித் தண்டைக் குறிபார்த்துப் படம் எடுப்பான்?

வேலை முடிந்ததும் கஜானனைக் கூட்டிக்கொண்டு நேரே இங்கே வந்தான்.

ஏனென்றால் இதே கேள்வியை அவன் வேறுவிதமாக ஏற்கெனவே கேட்டிருந்தான். கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகையில் இருக்கும் சிஞ்ஞோரா கொன்செத்தா என்ற அம்மையாருக்குத் தொண்ணூறாவது பிறந்தநாள் கொண்டாடினார்கள். ஜோக்கிமின் மனைவி சறோஜாதான் அந்த அம்மாவை வருடக்கணக்காகப் பராமரிக்கிறவர். கைத்தொலைபேசியில் எடுப்பதெல்லாம் படமே இல்லை என்று சிஞ்ஞோரா பிடிவாதம் பிடிக்க, ஜோக்கிம் தன் பழைய பிலிம் கமராவில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துக் கொடுத்தார். சில நாள் கழித்து, சிஞ்ஞோராவின் படுக்கையறையில் இருந்த பவள மாலையின் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. சிஞ்ஞோராவின் தாயின் தாய் போட்ட மாலை.

சிஞ்ஞோராவின் மகன் ஒரு அவ்வொக்காத்தோ, அதாவது வழக்கறிஞர். பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போவதற்கு முன் உங்கள் ஆட்களுக்குள் நீயே விசாரித்துப் பார் என்று ஏர்னஸ்ற்றிடம் ஒப்படைத்தார். ஏர்னஸ்ற் படங்களைப் பரப்பி வைத்துப் பார்த்தான். ஒரு படத்தில் கேக் வெட்டும் சிஞ்ஞோராவின் முகம் மங்கல். அவருக்குப் பின்னால் திறந்து கிடந்த கதவு வழியாகத் தெரிந்த படுக்கையறை, அலுமாரிக் கைபிடியின் பூ வேலைப்பாடு வரைக்கும் தெளிவு.

கோயிலின் பங்கு மண்டபத்தில், ஆட்கள் நிறைந்திருக்கும்போது, அவன் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டினான். “முப்பது வருசமாப் படம் எடுக்கிற மனிசன் முகத்தை விட்டிட்டு அலுமாரியை ஏன் பாக்கிறார்?” என்று கேட்டான். மண்டபம் அப்படியே அடங்கிப் போனது. அந்த அமைதி அவனுக்குப் பிடித்திருந்தது. இப்போது நினைத்தால் அதுதான் எல்லாவற்றையும்விடக் கூசியது. ஜோக்கிம் ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்: “நான் அவவின்ரை முகத்தைத்தான் பாத்தனான்.”

சறோஜாவின் வேலை அன்றே போனது. கோயில் திருநாளுக்குப் படம் எடுக்கும் பொறுப்பை ஜோக்கிமிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அவருடைய பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கொடுத்தபடி கிடக்கிறது. இன்று பின்னேரம் அவ்வொக்காத்தோ குவெஸ்தூராவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அந்த வதிவிட அட்டை என்ன ஆகுமென்று யாருக்கும் சொல்லத் தெரியாது.

ஏர்னஸ்ற் மணியை அழுத்தினான்.

கதவைத் திறந்தவர் சறோஜா. ஏர்னஸ்ற்றைக் கண்டதும் முகம் மாறவில்லை. மாறியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“என்ன வேணும்?”

“கமராவை ஒருக்காப் பாக்கலாமோ அக்கா?”

உள்ளே, யன்னலோரக் கதிரையில் இருந்த ஜோக்கிம் திரும்பிப் பார்த்தார். “பாத்திட்டு? இந்த முறை எங்கை போய்ச் சொல்லப்போறீர் தம்பி?”

கஜானன் முன்னுக்கு வந்தான். “அண்ணை, இவர் பிழை விட்டிட்டார் போல கிடக்கு. இவற்றை வாயாலை அது வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதுக்கிடையிலை நாங்கள் கமராவைப் பாப்பம்.”

ஜோக்கிம் எழுந்து அலுமாரியின் மேல்தட்டிலிருந்து தோல் உறையோடு கமராவை எடுத்து மேசையில் வைத்தார்.

“உதிலை பாக்க ஒண்டுமில்லை. என்ரை கண்தான் பழுதாப் போட்டுது,” என்றார் தாழ்ந்த குரலில். “கொஞ்ச நாளா எடுத்த படமெல்லாம் மங்கல். கண்ணாடி மாத்திப் பாத்தனான். சரிவரேல்லை. இனி எடுக்கிறேல்லையெண்டு விட்டிட்டன்.”

குசினி வாசலில் நின்ற சறோஜா சட்டென்று நிமிர்ந்தார். “கண்ணோ? எனக்கு நீங்கள் சொல்லேல்லையே.”

“சொல்லி என்ன? நீயும் யோசிப்பாய்.”

ஏர்னஸ்ற் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “அண்ணை, நீங்கள் முகத்தைப் பாத்தனான் எண்டு சொன்னனீங்கள். நான் நம்பேல்லை. இப்ப கமராவைக் கேட்டுப் பாப்பம். படம் எடுத்துக் கழுவ நேரமில்லை, பின்னேரத்துக்கிடையிலை தெரியவேணும்.”

“கேக் போறணைக்குள்ளை விரிக்கிற பேப்பர் இருக்கோ அக்கா?” என்றான் கஜானன். “யூடியூப்பிலை ஒரு கிழவன் அதை வைச்சுத்தான் கமராவுக்கு வைத்தியம் பாக்கிறான். கிழவன் கேக்கும் போடுறான், ஆனா அது வேறை வீடியோ.”

சறோஜா பேப்பரைக் கொண்டுவந்தார். அதோடு, கேட்காமலே, சுருவச் சிலைக்கு முன்னால் கொளுத்தும் சின்ன மெழுகுதிரிகளையும் கொண்டுவந்தார்.

நல்ல வெயில் நேரம். யன்னல் பலகைகளைச் சாத்தியதும் அறை மங்கியது. மேசையின் ஒரு நுனியில் கமராவை வைத்து, முன்னால் மூன்று மெழுகுதிரிகளைச் சாய்வான வரிசையில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்திக் கொளுத்தினார்கள். பிலிம் இல்லாத கமராவின் பின்கதவைத் திறந்து, பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் அந்த மெல்லிய பேப்பரை இறுக்கமாக ஒட்டினான் கஜானன்.

“அண்ணை, நீங்கள் கண்ணை வைச்சு நடு மெழுகுதிரியைத் தெளிவாக்குங்கோ,” என்றான் ஏர்னஸ்ற்.

ஜோக்கிம் தயங்கினார். பிறகு குனிந்தார். அந்தக் கிழடு தட்டிய விரல்கள் லென்ஸைத் தொட்டதும் தயக்கம் போய்விட்டது. இம்மியளவு திருப்பி, திரும்ப அரை இம்மி பின்னுக்கு. “நடுச்சுவாலை. தெளிவு,” என்றார்.

“நானும் பாக்கிறன்.” ஏர்னஸ்ற் கண்ணை வைத்தான். உண்மைதான். நடு மெழுகுதிரியின் திரிகூடத் தெரிந்தது. முன்னதும் பின்னதும் மங்கல். கிழவரின் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

“இப்ப ஷட்டர் மூடியைத் திறந்து பிடியுங்கோ.”

ஜோக்கிம் பொத்தானை அமத்திப் பிடித்தார். பேப்பரில் மூன்று சுவாலைகள் தலைகீழாகத் தொங்கின. ஏர்னஸ்ற் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தான். முதல் சுவாலை ஊதிப்போன பந்து. நடுச் சுவாலையும் பந்துதான். மூன்றாவது, ஆகக் கடைசியில் நின்ற மெழுகுதிரியின் சுவாலை, வெட்டி ஒட்டியதுபோல் கூர்மையாக நின்றது.

அவன் பூதக்கண்ணாடியை ஜோக்கிமிடம் நீட்டினான்.

அவர் பார்த்தார். திரும்ப ஒருமுறை பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. “என்ரை கண்ணில்லை,” என்றார். “சறோஜா, என்ரை கண்ணில்லையடி.”

“கண் முகத்தைப் பாக்குது. கமரா முதுகுக்குப் பின்னாலை பாக்குது,” என்றான் கஜானன். “எங்கடை ஆக்கள் கோயிலிலை நிக்கிற மாதிரி.”

ஏன் அப்படி என்பதுதான் அடுத்த கேள்வி. ஜோக்கிம் லென்ஸைக் கழற்றினார். உள்ளே சரிந்து நிற்கும் கண்ணாடிக்கு மேலே, ஒரு தபால் முத்திரையளவு சொரசொரப்பான கண்ணாடிச் சில்லு, சின்னக் கொளுவியில் மாட்டியிருந்தது. கண் பார்க்கும் படம் விழுவது அந்தச் சில்லில்தான். சொரசொரப்புப் பக்கம் கீழே பார்க்க இருக்க வேண்டும். விரலால் மெதுவாகத் தடவிய ஜோக்கிம் நின்றார்.

“வழுவழுப்பாக் கிடக்கு. இதைப் பிரட்டிப் போட்டிருக்கு.” நெற்றி சுருங்கியது. “ஆரோ கழட்டியிருக்கினம். நான் இதிலை கை வைக்கிறேல்லை.”

ஏர்னஸ்ற் விளக்கைக் கிட்டப் பிடித்தான். கொளுவியின் இடுக்கில் நூல் போல ஏதோ சிக்கியிருந்தது. பச்சை நிறப் பஞ்சு. கண்ணாடிச் சாமான் துடைக்கும் துணியின் பஞ்சு. அவன் பார்வை தன்னையறியாமல் குசினிப் பக்கம் போனது. தண்ணீர்க் குழாயின் மேல் பச்சைத் துணி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில்தான் அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வசனத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்வான். இன்று வாயைத் திறக்காமல் அந்தப் பஞ்சை ஊதிவிட்டான். போதும். இந்த வீட்டில் அவன் கண்டுபிடித்தது ஏற்கெனவே போதும்.

“நான்தான்,” என்றார் சறோஜா.

வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார். “பிறந்தநாளுக்கு முதல் கிழமை, உள்ளுக்கை தூசியாக் கிடக்கு, ஒண்டும் வடிவாத் தெரியேல்லையெண்டு புறுபுறுத்தனீங்கள். நீங்கள் வேலைக்குப் போன நேரம் லென்ஸைக் கழட்டினனான். நீங்கள் கழட்டுறதைப் பாத்திருக்கிறன்தானே. அந்தச் சில்லு விழுந்திட்டுது. துடைச்சுப் போட்டு வைச்சனான். சந்தோசப்படுவியள் எண்டு நினைச்சன்.” அவர் கணவர் பக்கம் திரும்பினார். “அதாலைதானோ இவ்வளவும்? மண்டபத்திலை நீங்கள் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டது என்னாலையோ?”

“தூசி போயிட்டுதுதான்,” என்றார் ஜோக்கிம். “அண்டைக்குப் பாத்த உடனை நினைச்சனான், இதென்ன இவ்வளவு வெளிச்சமாக் கிடக்கெண்டு.”

சறோஜா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

“அக்கா, அது உங்களாலை இல்லை,” என்றான் ஏர்னஸ்ற். “சில்லைத்தான் நீங்கள் பிரட்டினனீங்கள். கதையைப் பிரட்டினது நான்.”

அவன் கைத்தொலைபேசியை எடுத்து அவ்வொக்காத்தோவை அழைத்தான். விளக்கினான். மறுபக்கத்தில் அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கமரா பழுதென்றால் பழுதாக இருக்கட்டும், மாலை எங்கே என்று கேட்டார். ஐந்து மணிக்கு குவெஸ்தூராவில் தனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

ஏர்னஸ்ற் தொலைபேசியை வைத்தான். நியாயமான கேள்விதான்.

கஜானன் இதற்கிடையில் யன்னலைத் திறந்துவிட்டு, ஏர்னஸ்ற் கொண்டுவந்திருந்த பிறந்தநாள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணை, நான் சைவசமயக்காரன், பிழையெண்டாச் சொல்லுங்கோ. உங்கடை செபமாலையிலை சிலுவை இருக்குமெல்லோ?”

“இருக்கும்.”

“அதைச் சுருவத்துக்குக் கழுத்திலை போடுவினமோ?”

“சுருவத்துக்கெண்டா கையிலைதான் கொழுவுறது. ஏன்?”

“இந்தப் படத்துச் சுருவத்துக்குக் கழுத்திலை கிடக்கு. ரெண்டு வரிசை. சிலுவையும் இல்லை. நடுவிலை பூ மாதிரி ஒரு கொளுக்கி கிடக்கு.”

ஏர்னஸ்ற் படத்தைப் பறித்தான். படுக்கையறையில், அலுமாரிக்குப் பக்கத்து மேசையில், முழங்கையளவு உயரத்தில், பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா றொசாலியாவின் சுருவம். கறுப்பு வெள்ளையில் கழுத்து மணிகள் சாம்பல் நிறமாகத் தெரிந்தன. அவன் இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பான். ஒவ்வொரு முறையும் அந்த மணிகளைச் செபமாலை என்று கண் தாண்டிப் போயிருந்தது. அலுமாரி ஏன் தெளிவாக இருக்கிறது என்று கேட்டானே தவிர, அந்தத் தெளிவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. சில்லு சரியாக இருந்திருந்தால் இந்த மணிகள் மங்கலில் கரைந்திருக்கும். சறோஜாவின் கைப்பிழை காட்டிக்கொடுத்த ஒன்றேயொன்றையும் அவன் குற்றச்சாட்டாக்கி விட்டிருந்தான்.

“அக்கா, இந்தச் சுருவம் இப்ப எங்கை?”

சறோஜா படத்தைப் பார்த்த கணத்தில் கையை நெஞ்சில் வைத்தார். “ஒவ்வொரு வருசமும் திருநாளுக்குச் சந்தியிலை இருக்கிற சுருவக்கூட்டுக்குக் கொண்டுபோறது. பிறந்தநாளுக்கு அடுத்தநாள் அயலட்டைப் பெடியள் வந்து துணியாலை மூடித் தூக்கிக்கொண்டு போனவங்கள். நான் குசினிக்கை நிண்டனான்.”

நால்வரும் கால்சாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சற்றே தணிந்திருந்தது. மீன் கடைகள் கழுவி மூடிய ஒரு சந்தியின் மூலையில், சுவரில் பதித்த கண்ணாடிக் கூடு. மின்விளக்குச் சரங்கள், பிளாஸ்ரிக் ரோசாக்கள், வெள்ளித்தகட்டு நேர்த்திக் காணிக்கைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் சாந்தா றொசாலியா நின்றாள். ரோசாக்களுக்கிடையே, கழுத்தில், இரண்டு வரிசையாகப் பவளம். நடுவில் தங்கப் பூக்கொளுக்கி. தெருவே அந்தக் கண்ணாடியைத் தொட்டு முத்திக்கொண்டு போகிறது. விசாரணைக்கு வந்த நாட்களில் ஏர்னஸ்ற்றும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டுதான் போயிருந்தான்.

“உலகத்திலை ஆகப் பாதுகாப்பான கள்ளன்,” என்று முணுமுணுத்தான் கஜானன்.

மாளிகையில் சிஞ்ஞோரா பலகணிக் கதிரையில் இருந்தார். சறோஜாவைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்து, சிசிலியனில் மூச்சுவிடாமல் பொரிந்தார். ஏர்னஸ்ற்றுக்கு இத்தாலியன் தெரியும், ஆனால் பல்லில்லாத வாயிலிருந்து வரும் அந்தப் பாஷை பிடிபடவில்லை. சறோஜா சொன்னார்:

“இவ்வளவு நாளும் எங்கை போனனியெண்டு கேக்கிறா. புதுசா வந்தவள் எல்லாத்துக்கும் உப்பை அள்ளிக் கொட்டுறாளாம்.”

“மாலையைப் பற்றிக் கேளுங்கோ,” என்றான் ஏர்னஸ்ற்.

சறோஜா கேட்டார். சிஞ்ஞோரா, இதென்ன கேள்வி என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார். விரலை உயர்த்திச் சந்திப் பக்கம் காட்டினார்.

“தொண்ணூறு வயசு காட்டினா மாலை உனக்கெண்டு றொசாலியாவுக்கு நேந்தவவாம். பிறந்தநாள் காலமை தானே எழும்பிப் போய்ப் போட்டவவாம். மகனுக்குச் சொன்னாப் பேசுவானெண்டு சொல்லேல்லையாம்.”

“மகன் இவ்வளவு பேரை விசாரிக்கச் சொன்னவர். உங்களைக் கேக்கேல்லையோ எண்டு கேளுங்கோ,” என்றான் ஏர்னஸ்ற்.

சறோஜா கேட்டார். பதிலை அவர் தமிழில் சொல்லும்வரை சிஞ்ஞோரா காத்திருக்கவில்லை. ஏர்னஸ்ற்றை நேரே பார்த்து, இந்த முறை நல்ல இத்தாலியனில், தன்னிடம் ஒருவரும் கேட்கவில்லை என்றார். மகன்தான் அம்மாவுக்குத் தெரியவேண்டாம், மனம் தாங்காது என்று சொல்லியிருந்தார். ஏர்னஸ்ற் தலையாட்டியிருந்தான். கிழவிக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகிறது என்று அவனும்தான் நினைத்திருந்தான்.

அவ்வொக்காத்தோவுக்கு அவன் தகவல் சொன்னான். அவர் நிம்மதியாகச் சிரித்தார். நல்லது, எல்லாம் முடிந்தது, சறோஜாவைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல் என்றார். அவர்களிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கக்கூடாதா என்று ஏர்னஸ்ற் கேட்டான். பெயரைச் சொன்னது நீதானே என்று அவர் அமைதியாகத் திருப்பிக் கேட்டார்.

தெருவில் இறங்கியதும் ஏர்னஸ்ற் ஜோக்கிமுக்கு முன்னால் போய் நின்றான்.

“அண்ணை, என்னை மன்னியுங்கோ.”

“கோபமில்லையெண்டு சொன்னாப் பொய்,” என்றார் ஜோக்கிம். “நீர் இப்ப என்னட்டைச் சொல்லுறீர். இந்தத் தெருவிலை நிண்டு. எனக்குத் தெரியும்தானே தம்பி, நான் எடுக்கேல்லையெண்டு. தெரியாத ஆக்களிட்டையல்லோ சொல்லவேணும்.”

அவர் சறோஜாவோடு நடக்கத் தொடங்கினார். ஏர்னஸ்ற் அங்கேயே நின்று, பங்குச் சபைத் தலைவர் அருளையாவை அழைத்தான். திருநாள் படப் பொறுப்பை ஜோக்கிமிடமிருந்து எடுத்தவர் அவர்தான்.

“அருளையா அண்ணை, ஏர்னஸ்ற் கதைக்கிறன். ஜோக்கிம் அண்ணையைப் பற்றி நான் சொன்னது முழுப் பிழை. மாலை கிடைச்சிட்டுது. அவையள் தொடவேயில்லை.”

“அப்பிடியோ? நல்லது, நல்லது,” என்றார் அருளையா. “எண்டாலும் தம்பி, அந்த மனிசனிலை எனக்கு முதலிலையிருந்தே ஒரு மாதிரித்தான். நீர் சொன்னாப் பிறகுதான் எனக்கு அது விளங்கினது.”

ஏர்னஸ்ற் கண்ணை மூடிக்கொண்டான். தான் மண்டபத்தில் சொன்ன வசனம் இப்போது தன்னுடையதில்லை. அது எத்தனையோ வீடுகளில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டது.

“போனை வையாதேங்கோ அண்ணை,” என்றான். “நிக்கிறியளோ வீட்டிலை? நான் நேரை வாறன்.”

கஜானன் ஸ்கூட்டரை உதைத்து இயக்கினான். “அங்கையிருந்து எங்கை?”

“அடுத்த வீடு.”

“நீங்கள் சொன்னது ஒரு மண்டபத்திலை. அது எல்லா வீட்டுக்கும் போட்டுது அண்ணை.”

“அப்ப எல்லா வீட்டுக்கும்,” என்றான் ஏர்னஸ்ற்.

கஜானன் பின்சீற்றில் கிடந்த சாப்பாட்டுப் பெட்டியைக் கழற்றித் தன் கால்மாட்டில் வைத்து, ஏர்னஸ்ற் ஏறுவதற்கு இடம் விட்டான்.